கடல் வடக்கே இருந்த ஊர்

அண்மையில் மொழிபெயர்ப்பாளர்களின் ஒன்றுகூடல் ஒன்றுக்காக ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் மார்க்கம் நகருக்குப் போயிருந்தேன். என்னைப் போல ஓய்வு பெற்றவர்களை முன்வரிசையில் இருத்தி, பொன்னாடை போர்த்தி, பேச விடாமல் சாப்பாட்டுக்கு அனுப்பிவிடுவது நம்மவர் வழக்கம். ஆகவே சாப்பாட்டு வரிசையில்தான் எனக்குப் பேச்சுக் கிடைத்தது. இப்போது அகதி விசாரணைகள் பெரும்பாலும் கணினித் திரையில் நடக்கின்றனவாம். மேலே கோட்டு, கீழே சாரம், பக்கத்தில் தேத்தண்ணி என்று வீட்டுச் சமையலறையில் இருந்தபடியே வேலையை முடித்துவிடுவதாக ஒருவர் பெருமையடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், எனக்குப் பின்னால் நின்ற பெண், இங்கே பிறந்து இப்போது இதே தொழிலைச் செய்பவர், ஒரு கேள்வி கேட்டார்.

"அங்கிள், பதில் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தும் சொல்ல ஏலாமல் இருந்த கேஸ் ஏதும் இருக்கோ?"

இருக்கிறது என்றேன். கையில் தட்டோடு நின்று சொல்லக்கூடிய கதை அல்ல, எழுதித் தருகிறேன் என்றேன். ஆட்களின் பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஊரின் பெயரை மட்டும் மாற்றவில்லை, ஏனென்றால் இது அந்த ஊரின் கதையும்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் தந்திக் கந்தோரில், அதாவது தந்தி அலுவலகத்தில், வேலை பார்த்தவன். எண்பதுகளில் ரொறன்ரோ வந்து, பிளாஸ்ரிக் பக்டரியில் மூடி பொறுக்கி, பாங்குகளில் நிலம் துடைத்து, இரவு வகுப்பில் என் ஆங்கிலத்தைத் தூசு தட்டி, பரீட்சை எழுதி, தொண்ணூறுகள் தொடங்கியபோது விசாரணை அறைக்குள் மொழிபெயர்ப்பாளனாக நுழைந்தேன். இதை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டேன் என்பதற்காக இலேசாக நினைத்துவிட வேண்டாம். அந்த வசனத்துக்குள் பல பனிக்காலங்கள் இருக்கின்றன.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் மார்த்தா. சிலி நாட்டுக்காரி. எழுபதுகளில் அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தப்பி வந்தவர். ஸ்பானிய மொழிபெயர்ப்பாளராக இருந்து, பிறகு எல்லா மொழிக்காரருக்கும் மேலதிகாரி ஆனார். குரலை உயர்த்தவே மாட்டார். விசாரணை அறையின் கடைசிக் கதிரையில் சத்தமில்லாமல் வந்து அமர்வார். நாங்கள் பிழை விட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு மேல் ஏற்றிக்கொள்வார். அவ்வளவுதான். அந்தக் கண்ணாடி மேலே போவதைக் கண்டால், சொன்ன வசனத்தை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பிழையைத் தேடுவேன். தந்திக் கந்தோரில் வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கத்தோடு இருந்த மேலதிகாரிகளுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

அவர் எங்களுக்கு ஊட்டிய முறைகள் இவை. சாட்சி, அதாவது அகதியாக ஏற்கும்படி கேட்டு வந்தவர், "நான்" என்றால் நாமும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பெண் "என்ரை தாலியை அறுத்தவங்கள்" என்றால், மீசை வைத்த நான் ஆங்கிலத்தில் "என் தாலியை அறுத்தார்கள்" என்பேன். சாட்சி அழுதால் காத்திருக்க வேண்டும், கூட அழக்கூடாது. முட்டாள்தனமாகச் சொன்னால் அதே முட்டாள்தனத்தோடு மறு மொழிக்குப் போக வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, அழகுபடுத்தக் கூடாது. "உன் அறிவை வாசலில் கோட்டோடு சேர்த்துக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே வா" என்பார்.

ஒரே ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. சாட்சி சொன்னது விளங்காமல் போகக்கூடும் என்று தோன்றினால், "மொழிபெயர்ப்பாளர் சாட்சியிடம் விளக்கம் கேட்க அனுமதி கோருகிறார்" என்று, தன்னையே மூன்றாம் ஆள் போலச் சொல்லி, அனுமதி வாங்கிக் கேட்கலாம். கேட்கலாமே தவிர, விளக்கத்தை நாம் சொல்லக் கூடாது. அந்தக் கதவை அடிக்கடி தட்டுபவனை மார்த்தாவுக்குப் பிடிக்காது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிழவர், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்ட, தீர்ப்புச் சொல்ல வேண்டிய விசாரணை உறுப்பினரைப் பார்த்து, "உந்த மாட்டுக்கு எத்தினை தரம் சொல்லுறது" என்று என்னிடம் முறையிட்டார். நான் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன், மாடு உட்பட. பிறகு அந்த உறுப்பினர், மாடும் இனி வேறு கேள்வி கேட்கும் என்று சொல்லிச் சிரித்துவிட்டார். கடைசிக் கதிரையைப் பார்த்தேன். மார்த்தாவின் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. அன்று நான் தொழில்காரன் ஆனேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மார்த்தாவும் நானும் அநேகமாக ஒரே மேசையில் இருப்போம். நான் புட்டு, அவர் பேக்கரியில் வாங்கிய பாண். அப்போது மட்டும் அவர் வேறு ஆள். பேச்சு எங்கே தொடங்கினாலும் அவரது ஊரான வால்பரைசோவில் போய் முடியும். பனாமாக் கால்வாய் வெட்டும்வரை, தென்னமெரிக்காவின் வாலைச் சுற்றி வந்த கப்பல்கள் எல்லாம் மூச்சுவாங்க நின்ற பெரிய துறைமுகம் அதுதானாம். ஆங்கிலேயரும் ஜெர்மன்காரரும் வந்து கடைகளும் பாங்குகளும் திறந்து, குன்றுகளில் மாளிகை கட்டி வாழ்ந்தார்களாம். பிறகு ஒரு பூமியதிர்ச்சி ஊரை விழுத்தியது. எழுப்பி நிமிர்வதற்குள் கால்வாய் திறந்து, கப்பல்கள் வேறு வழியால் போய்விட்டன. இரண்டு அடி வாங்கியும் சாகாத ஊர் என்று அவர் சொல்லும்போது, ஊரைச் சொல்கிறாரா தன்னைச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

கடலைச் சுற்றிக் குன்றுகள், குன்றெல்லாம் தகரம் அடித்த வீடுகள், கப்பலுக்குப் பூசி மிஞ்சிய வர்ணமெல்லாம் அந்தத் தகரங்களில் என்று வர்ணிப்பார். கீழிருந்து மேலே போக, சரிவில் தண்டவாளம் போட்டு, வடத்தில் இழுக்கும் பழைய மரப்பெட்டிகள் உண்டு. ஒன்று ஏற மற்றது இறங்கும். ஒரு நாள் சன்னலால் ஒன்ராரியோ ஏரியைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். தன் ஊரில் தண்ணீர் வடக்கே இருந்தது, இங்கே தெற்கே இருக்கிறது, வந்த நாளிலிருந்து தலைகீழாக நிற்பது போலவே இருக்கிறது என்றார். நான் சிரித்துவிட்டுப் புட்டைத் தின்றேன். அந்தப் பேச்சு எனக்கு எப்படி நெருப்பாக வரப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கடும் குளிர் நாள் ஒன்றில், புவனாவின் வழக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக் காரைநகர்ப் பெண். கணவர் ஷெல் விழுந்து இறந்துபோனார். இரண்டு பெண் குழந்தைகளைத் தங்கையோடு வவுனியா முகாமில் விட்டுவிட்டு வந்திருந்தார். இங்கே அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டால்தான் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடலாம். இல்லையென்றால் அவரும் திரும்பிப் போக வேண்டும், பிள்ளைகளும் முள்ளுக்கம்பிக்குள்ளேயே கிடக்க வேண்டும்.

வழக்கில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. விமான நிலையத்தில் இறங்கியபோது, சிங்கப்பூரில் இருந்து நேரே வந்தேன் என்று சொல்லிவிட்டார். காசு வாங்கிக்கொண்டு ஆட்களை வெளிநாட்டுக்குக் கடத்தும் ஏஜென்ற் படிப்பித்த பாடம். அந்தக் காலத்தில் நம் சனம் கடவுளை நம்பியதைவிட ஏஜென்றை அதிகமாக நம்பியது. உண்மை வேறு. ஏஜென்ற் அவரையும் வேறு சிலரையும் தென்னமெரிக்காவுக்குக் கொண்டுபோய், கப்பல் வரும் என்று ஒரு துறைமுக ஊரில் இறக்கிவிட்டு மறைந்துவிட்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சிதறிவிட, புவனா ஒரு கிழவியின் வீட்டில் சமைத்து, துணி துவைத்துப் பல மாதங்கள் கிடந்தார். ரொறன்ரோவில் இருந்த தமையன் வேறொருவனைப் பிடித்துத்தான் அவரை இங்கே எடுத்தார். கள்ளக் கடவுச்சீட்டையும் அவனுடைய ஆட்கள் வழியிலேயே பறித்துவிட்டார்கள். அங்கே இருந்ததற்குத் துண்டுக் கடுதாசி இல்லை. இதையெல்லாம் அவர் பிறகு தனக்காக வாதாட வந்த சட்டத்தரணியிடம் சொன்னார். ஆனால் முதலில் பொய் சொன்ன வாயை யார் நம்புவது? அந்த மாதங்களில் இவர் ஐரோப்பாவில் எங்கேயோ பாதுகாப்பாக இருந்திருக்கலாம் என்பது விசாரணை செய்தவர்களின் சந்தேகம்.

துறைமுக ஊரின் பெயரைக் கேட்டார்கள். "வால்பரைசோ" என்றார் புவனா. மார்த்தாவின் ஊர்ப் பெயரை நான் திருப்பிச் சொன்னேன்.

அன்று உறுப்பினர்கள் இருவர். கேள்வி கேட்டவர் மூத்தவர், நரைத்த தாடிக்காரர். கடுமையானவர், ஆனால் நேர்மையானவர் என்று பெயர். முன்னால் அந்த ஊரைப் பற்றிய பயணப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்திருந்தார். பெரிய சதுக்கத்தில் நிற்கும் சிலை யாருடையது? தெரியாது. புதிதாகக் கட்டிய நாடாளுமன்றம் எப்படி இருக்கும்? பார்க்கவில்லை. தேவாலயத்தின் பெயர்? தெரியாது. வீட்டுக்கும் சந்தைக்கும் இடையில் நடந்ததைத் தவிரத் தான் எங்கேயும் போகவில்லை என்றார் புவனா. தண்டவாளத்தில் ஏறும் பெட்டியைப் பற்றிச் சொன்னார், வர்ணத் தகர வீடுகளைச் சொன்னார், படிக்கட்டெல்லாம் படுத்திருக்கும் நாய்களைச் சொன்னார், காலையில் கடலையே மறைத்துவிடும் மூடுபனியைச் சொன்னார். தாடிக்காரர் புத்தகத்தின் படங்களைப் புரட்டிக் காட்டினார். பெட்டியும் தகரமும் இந்தப் படங்களிலேயே இருக்கின்றன, யாரும் பார்த்துச் சொல்லலாம் என்றார்.

பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, மிகச் சாதாரணமாக, பின்னேரங்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வேலை முடிந்ததும் மேல் விறாந்தையில் இருந்து, இருட்டும்வரை கடலைப் பார்ப்பேன் என்றார் புவனா. சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்திருப்பீர்களே?

"இல்லை ஐயா. அங்க வெய்யில் கடலுக்கை விழாது. இடக்கைப் பக்கத்து மலைக்குப் பின்னால போயிடும்."

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். தாடிக்காரர் பேனாவை வைத்தார். பசிபிக் கடல் மேற்கே இருக்கிறது, இந்த ஊர் அதன் கரையில் இருக்கிறது என்றார். தான் வன்கூவர் பக்கத்தில் விடுமுறைக்குப் போய் அந்தக் கடலில் சூரியன் இறங்குவதை எத்தனையோ தடவை பார்த்ததாகவும் சொன்னார். மாதக்கணக்கில் கடலைப் பார்த்திருந்தவர் ஒரு நாள்கூட அதைக் காணவில்லை என்பதை எப்படி ஏற்பது என்று கேட்டார். புவனா, தான் கண்டதைத்தான் சொல்வதாகச் சொன்னார். தாடிக்காரர் குனிந்து எழுதினார். அவர் எழுதிய விதத்திலேயே முடிவு தெரிந்தது.

எனக்குப் பதில் தெரியும். மார்த்தா ஊரில் தண்ணீர் வடக்கே. அந்தக் குடா வடக்கைப் பார்த்துத் திறந்திருக்கிறது. கடலைப் பார்த்து நின்றால் மேற்கு இடது கைப் பக்கம், அங்கே குன்று. இந்தப் பெண் சொல்வது அத்தனையும் சரி. ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும். என் வாய் நமநமத்தது. என் அறிவு வாசலில் கோட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது, அதை எடுத்துவர எனக்கு உரிமை இல்லை. மொழிபெயர்ப்பாளன் சாட்சி சொன்னால் அந்த விசாரணையே செல்லாமல் போய்விடும், புவனாவுக்கும் அது நன்மை செய்யாது. வெறும் கட்டுப்பாட்டுக்காக நான் வாயை மூடியிருக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளை வந்தது. மேசையில் எனக்கு எதிரே யார் என்று நினைக்கிறீர்கள்? மார்த்தாவேதான். பாணைப் பிய்த்துக்கொண்டு, வரப்போகும் பனிப்புயலைப் பற்றிப் பேசினார். உலகத்தில் இந்த வழக்கைத் தீர்க்கக்கூடிய ஆள் என் முன்னால் இருந்து பாண் தின்கிறார். அறைக்குள் கேட்டதை வெளியே வாய்விடக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்தான். நான் புட்டுப் பெட்டியைத் திறந்து, தொடாமலே மூடினேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அப்படி ஒன்றுமில்லை என்றேன். என்னை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் விட்டார். அந்தப் பார்வைக்காகவே அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை.

மத்தியானத்துக்குப் பிறகு புவனாவின் சட்டத்தரணி எழுந்தார். இளம் பெண், காலையில் வாங்கிய அடியில் முகம் செத்திருந்தது. செய்ய வேறொன்றும் தோன்றாமல்தானோ என்னவோ, நீங்கள் படுத்த அறையைச் சொல்லுங்கள் என்றார். புவனா சொன்னார். சின்ன அறை, ஒரு கட்டில், கட்டிலின் தலைமாட்டில் கடலைப் பார்த்த சன்னல், சுவரில் யேசுவின் படம். பிறகு, போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"போன முதல் நாளே நான் கட்டிலைத் திருப்பிப் போட்டனான். அப்பிடிப் படுக்கேலாது தானே அண்ணை."

அந்த "தானே" எனக்கானது. விளக்கமே தேவையில்லாத விஷயம் என்று நினைத்து, ஊர்க்காரனிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டார். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அப்படிப் படுக்க முடியாது அல்லவா என்ற வார்த்தை, அந்த அறையில் யாருக்கும் விளங்காமல் போய் விழுந்தது. சட்டத்தரணி தாளைப் புரட்டி அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார்.

இதற்குத்தான் அந்தக் கதவு இருக்கிறது என்று தோன்றியது. கையை உயர்த்தினேன். மொழிபெயர்ப்பாளர் சாட்சியிடம் விளக்கம் கேட்க அனுமதி கோருகிறார் என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. தாடிக்காரர் என்னைப் பார்த்தார், தலையசைத்தார். நான் புவனாவின் பக்கம் திரும்பி, ஏன் அப்படிப் படுக்க முடியாது என்று சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். வடக்கு என்ற சொல் என் வாயில் வரவே இல்லை.

புவனா என்னை, இவருக்குப் பைத்தியமா என்பது போலப் பார்த்தார்.

"வடக்க தலை வைச்சுப் படுக்கிறதோ? செத்த ஆக்களைத் தானே அப்பிடிக் கிடத்துறது. கடல் வடக்க, சன்னல் வடக்க, தலைமாடும் வடக்க. நான் தலையைத் தெற்க வைச்சிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு படுத்தனான். கிழவிக்கு அது விளங்கேல்லை, சிரிச்சவ."

சொல்லுக்குச் சொல் கொடுத்தேன். தாடிக்காரர் நிமிர்ந்தார். கடல் வடக்கே இருந்தது என்று எப்படித் தெரியும், திசைகாட்டி வைத்திருந்தீர்களா என்று கேட்டார். புவனாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. வெய்யில் வலக்கைப் பக்கம் எழும்பினால் முன்னுக்கு இருப்பது வடக்குத்தானே என்றார். கிழக்கு வீட்டு மாமி, மேற்கு வளவு என்று வளர்ந்த யாழ்ப்பாணத்தார் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். புவனா, காரைநகரிலும் தங்களுக்குக் கடல் வடக்கே என்றும், ஆனால் இந்த ஊரில் ஒன்று விசித்திரமாக இருந்தது என்றும் சொன்னார். தை மாதமோ ஆடி மாதமோ, மத்தியானத்தில் வெய்யில் கடல் பக்கமாகவே சாய்ந்து நிற்குமாம். நிழல் மலைப் பக்கம் விழுமாம். அதனால் துணியைக் கடல் பக்கக் கம்பியில்தான் காயப்போடுவாராம்.

தாடிக்காரர் பக்கத்து அறை நூலகத்தில் இருந்து பெரிய தேசப்படப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது. பக்கத்தைத் தேடினார். இரண்டாவது உறுப்பினரும் குனிந்தார். ஒரு விரல் கரையோடு மெல்ல இறங்கி ஒரு சின்ன வளைவில் நின்றது. புவனா என்னைப் பார்க்க, நான் சுவரைப் பார்த்தேன்.

தாடிக்காரர் ஒலிப்பதிவுக் கருவியை அருகே இழுத்துக்கொண்டு பேசினார். வால்பரைசோக் குடா வடக்கு நோக்கித் திறந்திருக்கிறது, ஊரின் மேற்கே குன்று இருக்கிறது, பூமியின் தென்பாதியில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும் என்றார். காலையில் கேட்ட கேள்வி தன்னுடைய தவறான ஊகத்தில் எழுந்தது, சாட்சியின் பதில்தான் சரி என்று பதிவு செய்யுமாறு சொன்னார். எந்தப் பயணப் புத்தகமும் ஒருவர் தன் கட்டிலை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லித் தராது என்றும் சொன்னார். நான் அத்தனையையும் தமிழாக்கினேன். எனக்கு உள்ளுக்குள் வெடி கொளுத்தியது போல இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் புவனாவே சொன்னார். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டது மட்டும் நான். என் தொழிலில் அதைவிடப் பெரிய வெற்றி எனக்குத் தெரியாது.

உறுப்பினர்கள் வெளியே போய்க் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்கள். வழக்கமாகத் தீர்ப்பு வீட்டுக்குத் தபாலில் வரும். அன்று அங்கேயே சொன்னார்கள். நாங்கள் உங்களை அகதியாக ஏற்றுக்கொள்கிறோம் என்ற வசனத்தைத் தமிழில் சொன்னேன். சட்டத்தரணி கண்ணைத் துடைத்தார். புவனா அழவில்லை. பிள்ளைகளை எப்போது கூப்பிடலாம் என்று மட்டும் கேட்டார். விண்ணப்பத்தை நாளைக்கே போடலாம் என்றார்கள்.

ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்திய பிறகு, தாடிக்காரர் தாள்களை அடுக்கியபடி, காலையில் இருந்த கடுமை கொஞ்சமும் இல்லாமல், ஒரு நாள் அந்த ஊருக்குப் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

புவனா யோசித்தார். அவர் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

"அவசரப்படாதேங்கோ ஐயா. என்ரை பிள்ளையள் வரட்டும். எல்லாருமாப் போவம், நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்."

சொன்னேன். தாடிக்காரர் எழுந்து நின்று, காத்திருக்கிறேன் என்றார்.